இருபத்திரண்டாம் குரோமோசோமின் முதல் ஒரு கோடி எழுத்துகள்

மனிதனின் 22-ஆம் குரோமோசோமை இணையத்திலிருந்து இறக்கித் திறந்து பாருங்கள். முதல் எழுத்து 'என்'. அடுத்ததும் 'என்'. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம் வழங்கும் 2013 பதிப்புக் கோப்பில் வரிக்கு ஐம்பது எழுத்து. அந்தக் கணக்கில் 2,10,200 வரிகளுக்கு வேறெதுவும் கிடையாது. ஒரு கோடியே ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் 'என்'களைத் தாண்டிய பிறகுதான் ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகள் தலைகாட்டுகின்றன.

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவின் கிழக்கே, சேந்தாந்த்ரேயில் நான் உயிரியல் கற்பிக்கும் லிசேயில் (மேல்நிலைப் பள்ளி), கடைசி ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் கோப்பைத்தான் முதலில் கொடுப்பேன். வேண்டுமென்றேதான். ஒருவன் சுட்டியைக் கீழே இழுத்து இழுத்து அலுத்துப்போவான். ஒருத்தி பக்கத்துக் கணினியை எட்டிப் பார்ப்பாள், அங்கேயும் அதேதான். கடைசியில் யாராவது கையைத் தூக்கி, "மதாம், கோப்பு கெட்டுப்போயிருக்கிறது" என்பார்கள்.

கெடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்திருக்கும் கோப்பு அது. காரைக்காலில் பயோடெக்னாலஜி படிக்கும் என் தம்பி மகளும் இதையே வேறு விதமாகக் கேட்டாள்: "அத்தை, 2003-இலேயே மனித ஜீனோமை முழுதாகப் படித்து முடித்துவிட்டார்கள் என்று படித்தேனே, பிறகு எதற்கு இத்தனை ஓட்டை?" அவளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி, அது அனுமார் வாலாக நீண்டதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஜீனோம் என்றால் ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ எழுத்துகள். முதலில் அதை 'முடித்த' கதை. 2000 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் வைத்து முதல் வரைவு தயார் என்று அறிவித்தார்கள். 2001 பிப்ரவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2003 ஏப்ரலில் மனித ஜீனோம் திட்டமே நிறைவடைந்தது என்றார்கள். ஆனால் 2004-இல் வந்த கட்டுரையில் 341 இடைவெளிகள் மீதமிருப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு 2022-இல் இன்னொரு முறை முடித்தார்கள். ஒரே வேலையை இத்தனை முறை முடித்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் குறை விஞ்ஞானிகளுடையதன்று. ஆய்வுக் கட்டுரைகளில் இடைவெளிகள் எப்போதும் பட்டியலோடுதான் இருந்தன. தலைப்புச் செய்தியில்தான் இடமில்லாமல் போயிற்று.

'என்' என்பதிலும் இரண்டு விதம். ஒன்று, தனியாக வரும் 'என்'. சாங்கர் என்ற பழைய முறையில் டிஎன்ஏவைப் படித்தால் நான்கு நிறங்களில் மலைத்தொடர் போல ஒரு வரைபடம் வரும். தொடக்கத்தில் சிகரங்கள் கூர்மையாக, தனித்தனியாக நிற்கும். எழுநூறு எழுத்தைத் தாண்டும்போது அவை அகலமாகி ஒன்றன்மேல் ஒன்று சாயும். அந்த இடத்தில் பச்சையா சிவப்பா என்று கருவியால் சொல்ல முடியாவிட்டால் 'என்' போட்டுவிடும். நான்கில் எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். பாதி தெரிந்தால் பாதி சொல்லவும் எழுத்து உண்டு: ஏ அல்லது ஜி என்றால் 'ஆர்', சி அல்லது டி என்றால் 'ஒய்'. 1985-இல் வெளியான சர்வதேசக் குறியீடு இது. மனித ஜீனோமின் 2009 பதிப்பில் 3-ஆம் குரோமோசோமிலேயே இப்படிப்பட்ட அரைகுறை எழுத்துகள் சில உட்கார்ந்திருந்தன. இந்த விதமான 'என்' ஒப்பீட்டு ஜீனோமில் (எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பொதுப் பிரதி) சொற்பம். கூடுதல் முறை படித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, படையாகத் திரண்டு வரும் 'என்'. இதுதான் விவகாரம்.

எந்தக் கருவியும் ஒரு குரோமோசோமை நுனியிலிருந்து அடிவரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. துண்டு துண்டாகப் படித்து, ஒரு துண்டின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒத்துப்போகிற இடங்களை வைத்துக் கோத்துக்கொண்டு போக வேண்டும். சாங்கர் துண்டு 500 முதல் 800 எழுத்து. பின்னால் வந்த மலிவான இல்லுமினா கருவிகளில் 150 எழுத்துதான். இங்கேதான் சிக்கல். கோயிலில் அர்ச்சனை நேரத்தில் கொடுக்கும் நூற்றெட்டுப் போற்றி அச்சுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். (எங்கள் தீவில் அதை ரோமன் எழுத்தில் அச்சிடுவார்கள், இங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, ஆனாலும் ஒரு போற்றி தவறாமல் சொல்வார்கள்.) பத்துப் பிரதிகளை எடுத்து இரண்டு சொல் அளவுக்குக் கிழித்துக் கலந்துவிட்டால், பெயர் இருக்கிற துண்டுகளை எப்படியாவது இடம் கண்டுபிடித்து வைத்துவிடலாம். கடைசியில் பெயரே இல்லாமல் 'போற்றி போற்றி' என்று முடியும் பகுதி இருக்கிறதே, அந்தத் துண்டுகள் எத்தனை குவிந்தாலும் மூலத்தில் அது மூன்று முறை வந்ததா முப்பது முறை வந்ததா என்று சொல்லவே முடியாது. முழு வரியாகக் கிழித்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

குரோமோசோமில் இந்தப் 'போற்றி'க்கு நிகரான இடம் சென்ட்ரோமியர். செல் பிரியும்போது குரோமோசோமைப் பற்றி இழுக்கும் இழைகள் பிடித்துக்கொள்ளும் இடம். 171 எழுத்து நீளமுள்ள ஒரு தொடர், சிற்சில மாற்றங்களோடு, பல லட்சம் எழுத்துகளுக்கு அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். 150 எழுத்துத் துண்டுக்கு அங்கே திக்கும் தெரியாது, திசையும் தெரியாது. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகள் (சென்ட்ரோமியருக்கு ஒரு பக்கம் குட்டையாக நிற்கும் பகுதி) இன்னும் மோசம்: புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சுமார் 45,000 எழுத்து நீளம், வரிசையாகப் பல பிரதிகள், ஐந்து குரோமோசோம்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி. 22-இன் தொடக்கத்தில் என் மாணவர்கள் முட்டிக்கொள்வது இந்தக் குட்டைக் கையோடுதான்.

திரும்பத் திரும்ப வருவதை எல்லாரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத இரண்டு காரணங்கள் எனக்கு அதைவிட ருசியானவை.

ஒன்று, பாக்டீரியா. மனித ஜீனோம் திட்டத்தில் டிஎன்ஏவை ஒன்றரை, இரண்டு லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டுகளாக்கி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது பெருகும்போது துண்டும் பெருகும்படி செய்துதான் படித்தார்கள். சில மனிதத் துண்டுகளை அந்தப் பாக்டீரியா தாங்காது. செத்துவிடும், அல்லது நடுவில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். பெருகாத துண்டைப் படிக்க வழியில்லை. ஆக, சில இடைவெளிகள் மனித ஜீனோமைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, ஈ.கோலையின் பத்தியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கின்றன.

இன்னொன்று, இது யாருடைய ஜீனோம் என்ற கேள்வி. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எவருடையதும் அன்று, பலருடையது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1997-இல் நாளிதழில் விளம்பரம் கொடுத்து இரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தார்கள். அப்படி வந்த பெயர் வெளியிடப்படாத ஓர் ஆணின் டிஎன்ஏதான் மொத்தத்தில் சுமார் 70 சதவீதம். மிச்சம் வேறு வேறு நபர்கள். நம் எல்லாருக்கும் தாய் வழியில் ஒரு பிரதி, தந்தை வழியில் ஒரு பிரதி என்று இரண்டு உண்டு; அவை இரண்டுமே ஒன்றுபோல் இருக்காது. ஒரு மரபணு ஒருவருக்கு மூன்று முறையும் இன்னொருவருக்கு ஐந்து முறையும் வரிசையாக வந்திருக்கும் பகுதியில், இடப்பக்கத் துண்டு ஒருவருடையது, வலப்பக்கத் துண்டு மற்றவருடையது என்றால் இரண்டும் எங்கே சேரும்? சேராது. இடையில் 'என்' போட வேண்டியதுதான்.

சரி, எத்தனை 'என்' போடுவது? இதில்தான் மனிதக் கை தெரிகிறது. குரோமோசோம் முனைகளான டெலோமியர்களுக்குப் பெரும்பாலும் சரியாக 10,000. 2009-இல் வந்த பதிப்பில் சென்ட்ரோமியர் ஒவ்வொன்றுக்கும் சரியாக 30 லட்சம். 2013-இல் வந்த பதிப்பில் 13, 14 ஆகிய குரோமோசோம்களின் தொடக்கத்தில் 1 கோடியே 60 லட்சம், 15-இல் 1 கோடியே 70 லட்சம். 1-ஆம் குரோமோசோமின் நடுவில் 1 கோடியே 80 லட்சம். அளவே தெரியாத இடைவெளி என்றால் நூறு 'என்' போடுங்கள் என்று தரவு வங்கிகளின் வழக்கம். இத்தனை சுழியங்களோடு இயற்கை எதையும் படைப்பதில்லை. எண்ணைப் பார்த்தவுடனே இது அளந்ததன்று, வைத்துக்கொண்டது என்று புரிய வேண்டும். இதைப் புரிந்துகொண்ட மாணவன் மீதிப் பாடத்தைத் தானே படித்துக்கொள்வான்.

என் கட்சி இதுதான்: வெளிப்படையாகப் போட்ட 'என்' யாருக்கும் பெரிய தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது, இடைவெளியே இல்லாதது போலத் தவறாக நிரப்பிய இடம். சும்மா சொல்லவில்லை. 2013 பதிப்பில் 21-ஆம் குரோமோசோமின் குட்டைக் கைப் பக்கம், நெட்டைக் கையில் ஏற்கெனவே இருக்கும் சில மரபணுக்கள் தவறுதலாக இன்னொரு முறை எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் ஒன்று சிபிஎஸ் மரபணு. அது பழுதானால் ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரை நோய் வரும். ஒரு நோயாளியின் டிஎன்ஏவைப் படித்து இந்தப் பதிப்போடு ஒப்பிடும்போது, சிபிஎஸ் துண்டு இரண்டு இடங்களில் கச்சிதமாகப் பொருந்துகிறது. எந்த இடம் என்று நிரலுக்குத் தெரியாததால், இரண்டையும் நம்பத்தகாதவை என்று ஒதுக்கிவிடும். நோய்க்குக் காரணமான மாற்றம் கண்ணெதிரே இருந்தும் அறிக்கையில் வராது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? அந்தப் பொய்ப் பிரதியை அழித்து, அதன்மேல் 'என்' எழுதியதுதான். இத்தகைய இடங்களில் மாற்றங்களைப் பிடிக்கும் திறன் 8 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை உயர்ந்தது. இடைவெளியை நிரப்பிச் சாதித்ததைத்தான் நாம் செய்தியில் படிக்கிறோம். இடைவெளியை உண்டாக்கிச் சாதித்ததை யாரும் செய்தியாக்கவில்லை.

இதே காரணத்துக்காக வேண்டுமென்றே 'என்' பூசிய கோப்புகளும் உண்டு. ஒய் குரோமோசோமின் இரு முனைகளும் எக்ஸின் முனைகளோடு ஒத்துப்போகும். அதனால் ஆய்வுக்கென்று தயாரிக்கும் கோப்புகளில் ஒய் பக்கத்தை 'என்' ஆக்கிவிடுவார்கள். ஒரு கோப்பில் 'என்' பார்த்தால், இது தெரியாததா, மறைத்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

2022-இல் உண்மையாக முடித்த கதைக்கு வருகிறேன். இரண்டு விஷயங்கள் கூடிவந்தன. ஒன்று, நீளத் துண்டுகளைப் படிக்கும் கருவிகள்: பிழை மிகக் குறைவாக 15,000, 20,000 எழுத்து படிக்கும் ஒன்று, பிழை கொஞ்சம் கூடினாலும் ஒரு லட்சம் எழுத்துக்கு மேல் ஒரே இழுப்பில் படிக்கும் நானோபோர் இன்னொன்று. இரண்டாவது, ஆள் தேர்வு. அதை ஆள் என்றே சொல்ல முடியாது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று மருத்துவர்கள் சொல்வார்களே, கருமுட்டையின் உட்கரு இல்லாமல் போய், ஒரே விந்தணுவின் குரோமோசோம்கள் இரட்டித்து, குழந்தையாக உருவாகாத திசுவாக வளர்வது. அப்படி ஒன்றிலிருந்து எடுத்துப் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் வளர்த்துவந்த செல்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதில் தாய்ப் பிரதி தந்தைப் பிரதி என்ற குழப்பமே இல்லை. இரண்டும் அச்சு அசல் ஒன்று. சிஎச்எம்13 என்ற அந்தச் செல்வரிசையிலிருந்து 305 கோடிக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள், ஓர் 'என்' இல்லாமல் வந்தன. பழைய பதிப்பில் இல்லாத ஏறத்தாழ 20 கோடி எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. அந்தச் செல்லில் ஒய் கிடையாது என்பதால் ஒய் மட்டும் வேறொருவரிடமிருந்து 2023-இல் வந்தது: 6,24,60,029 எழுத்து. 2013 பதிப்பில் ஒய்யின் பாதிக்கும் மேல் 'என்'ஆகவே இருந்தது.

ஆனாலும் அந்த முழுமையான கோப்பிலும், சில குரோமோசோம்களின் ரைபோசோம் வரிசைகளின் நடுப்பகுதி நேரடியாகக் கோத்தெடுத்ததன்று. பிரதிகள் எத்தனை என்று கணக்கிட்டு, மாதிரிப் பிரதியை அத்தனை முறை வைத்திருக்கிறார்கள். ஆவணத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கோப்பைத் திறப்பவருக்கு அந்த இடமும் மற்ற இடங்களைப் போல ஏ, சி, ஜி, டி என்றுதான் தெரியும். நானாக இருந்தால் அங்கே 'என்' விட்டிருப்பேன். இது ஓர் ஆசிரியையின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாம்.

எங்கள் தெருவில் கரும்பு பயிரிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இங்குள்ள வழக்கப்படி நான் அவரை 'தோந்தோன்' (மாமா) என்று அழைப்பேன். அறுவடைக் காலத்தில், கரும்பு ஏற்றிய பெரிய லாரிகள் புவா ரூஷ் ஆலைக்கு வரிசை கட்டும்போது, பின்னால் மாட்டிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் எரிச்சலோடு வீடு வந்து சேர்வோம். அப்படி ஒரு மாலை அவர் கேட்டார்: "மனிதனுடையதை 2001-இல் படித்தார்கள், கரும்புக்கு ஏன் 2024 வரை ஆயிற்று? நம்மைவிடக் கரும்பு கெட்டிக்காரனா?"

அவர் அதைக் கேட்பதற்கு உரிமை உள்ளவர். 2024 மார்ச்சில் வெளியான கரும்பு ஜீனோம் 'ஆர் 570' என்ற ரகத்தினுடையது. அந்த 'ஆர்' இந்தத் தீவின் பெயர். இங்கேயே இனக்கலப்பு செய்து உருவாக்கிய ரகம், அவர் நிலத்திலும் வளர்ந்த ரகம். நவீனக் கரும்பு எல்லாமே கலப்பு: இனிப்பான வளர்ப்புக் கரும்பும், நாணல் போன்ற காட்டு இனமும் சேர்ந்தது. அந்தக் கலப்பை வணிக ரகமாக்கியதில் கோயம்புத்தூருக்குப் பெரும் பங்கு உண்டு; 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம்தான் 1918-இல் 'கோ 205' ரகத்தை வெளியிட்டது. ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சத்தில் வந்த தோந்தோனிடம் இதைச் சொன்னபோது, அவர் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு விடை வேண்டும்.

விடை இதுதான். மனிதனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. ஆர் 570-க்குச் சுமார் பன்னிரண்டு. மொத்தம் 114 அளவுக்குக் குரோமோசோம்கள், ஏறத்தாழ ஆயிரம் கோடி எழுத்து. கையில் இருக்கும் துண்டு இந்தப் பன்னிரண்டில் எதனுடையது என்று பிரித்தறிய வேண்டும். 2018-இல் வெளியான முந்தைய முயற்சியில், சோளத்தின் ஜீனோமை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டையும் ஒன்றாகப் பாவித்து 38 கோடி எழுத்து மட்டும் கோத்தார்கள். 2024-இல் வந்தது 870 கோடி.

"ஆயிரத்துக்கு 870 என்றால் மிச்சம் 130 கோடி எங்கே போயிற்று?" என்றார். பயிர்க்கடன் கணக்குப் பார்த்துப் பழகிய மனிதர். எங்கும் போகவில்லை. பன்னிரண்டில் மூன்றோ நான்கோ பிரதிகள் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்திருக்கும் இடங்களில் ஒரே முறைதான் எழுத முடிகிறது. அங்கே 'என்' கிடையாது. கோப்பைப் படிப்பவருக்கு அது ஒற்றைப் பிரதியா, நான்கு பிரதிகளா என்று எழுத்தை மட்டும் பார்த்துத் தெரியாது. அந்த இடத்தில் எத்தனை துண்டுகள் வந்து விழுந்தன என்ற அடர்த்திக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அவருக்கு உண்மையில் பிடித்தது துருநோய்க் கதைதான். கரும்பு இலையில் பழுப்புத் துரு விழுவதைத் தடுக்கும் 'புரு1' என்ற இடம் ஆர் 570-இல் இருப்பது வெகு காலமாகவே தெரியும். அதைச் சுற்றிப் பல ஆண்டுகள் வரைபடம் போட்டார்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் அகப்படவில்லை. அது எவ்வளவு நீளம் என்றுகூடத் தெரியவில்லை. புதிய ஜீனோம் அந்த இடைவெளியை மூடி, நோய் எதிர்ப்புக்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்களை அடையாளம் காட்டிவிட்டது.

"அதுவரை என்ன செய்தார்கள்? இந்த ரகம் துருவைத் தாங்கும், இது தாங்காது என்று எப்படிப் பார்த்தார்கள்?"

இடைவெளி மூடும்வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. புரு1-க்கு மிக அருகே, பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வாரிசுக்குப் போகும் இரண்டு டிஎன்ஏ அடையாளங்களை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். புதிய நாற்றின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அந்த அடையாளங்கள் இருக்கின்றனவா என்று சோதித்தால் போதும். உலகின் பல கரும்பு நிலையங்கள் அப்படித்தான் நாற்றுகளைத் தெரிவு செய்துவந்தன. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே.

தோந்தோன் புதிதாக நட்டிருக்கும் ரகத்தின் பெயரைச் சொல்லி, அதிலும் புரு1 இருக்கிறதா என்று கேட்டார். பெயர் 'ஆர்' என்று தொடங்குவதால் மட்டும் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது, சேன் தெனியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டால் இலையை வைத்தே சொல்லிவிடுவார்கள் என்றேன். அதற்கும் காசு கேட்பார்களா என்றார்.